விலை தலையெழுத்தா, தராசுக்காரன் எழுத்தா?

நம் நாட்டுக் குடியானவனுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்து வருகின்றது. மழை பெய்யாவிட்டால் வருண பகவான்மீது பாரத்தைப் போடுகின்றான். மழை பெய்து, பயிர் விளைந்து, விளைந்த சாமானுக்கு விலை இல்லாமல் போனால் தன் தலையெழுத்தின்மீது பாரத்தைப் போடுகின்றான். மழை மனிதன் கையில் இல்லை என்பதையாவது ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். விலை என்பது மேகத்திலிருந்து இறங்கி வருவதா? அது மனிதன் வாயிலிருந்து வருவது. இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் கூடி, இன்ன விலைக்குத்தான் வாங்குவது என்று சொன்னதால் வருவது. மனிதன் செய்த காரியத்தைத் தெய்வத்தின் கணக்கில் எழுதிவிட்டால் செய்தவன் சௌகரியமாகத் தப்பித்துக் கொள்ளுகின்றான். நஷ்டப்பட்டவனோ கோவிலுக்குப் போய் இன்னும் நாலு காசு செலவு செய்துவிட்டு வருகின்றான்.

இந்த விலை விஷயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு கூட்டத்தார் உடனே எழுந்துவிடுகின்றார்கள். ஒரு கூட்டத்தார், "சந்தையைச் சும்மா விடுங்கள், சர்க்கார் கை வைத்தால் எல்லாம் கெட்டுவிடும்" என்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார், "வியாபாரி என்பவனையே ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் சர்க்காரே வாங்கி, சர்க்காரே விற்க வேண்டும்" என்கின்றார்கள். இரண்டும் தப்பு என்பதே நமது அபிப்பிராயம். சந்தை என்பது தானாக முளைத்த செடியல்ல. மனிதன் கட்டிய கட்டடம். அதற்குக் கூரை போடவும், சரியான தராசை வைக்கவும், உள்ளே வந்தவர்கள் கைகோத்துக் கொண்டு மற்றவர்களுக்கு வாசலை அடைத்துவிடாமல் பார்த்துக் கொள்ளவும் ஒருவன் வேண்டும். அந்த ஒருவன்தான் சர்க்கார். இதை நாம் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. தர்மபுரி ஜில்லாவிலேயே கண்ணால் பார்க்கத்தக்க ருஜு இருக்கின்றது.

தர்மபுரி ஜில்லா 1965ஆம் வருஷம் அக்டோபர் 2ந் தேதி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 2004ல் கிருஷ்ணகிரி இதிலிருந்து தனி ஜில்லாவாகப் பிரிந்து போயிற்று. தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி ஆகிய தாலூக்காக்கள் இன்று இதில் இருக்கின்றன. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ராகியும் சாமையும் வீட்டுக்கு. மரவள்ளி, தக்காளி, பருத்தி, புளி, பட்டுக்கூடு முதலியவை காசுக்கு. இந்தக் காசுப் பயிர்களில் இரண்டை மாத்திரம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று பட்டுக்கூடு, மற்றொன்று மரவள்ளிக் கிழங்கு.

இந்த இரண்டுக்கும் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. இரண்டும் காத்திருக்க மாட்டா. பட்டுப்புழு கூடு கட்டிய சில நாளில் உள்ளே இருக்கும் புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளைத்த கூட்டில் தொடர்ந்து நூல் எடுக்க முடியாது. மரவள்ளிக் கிழங்கும் அப்படியே. மண்ணிலிருந்து பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நிறம் மாறிக் கெட ஆரம்பித்துவிடும். ஆகவே, இரண்டையும் கையில் வைத்திருப்பவன், "இன்று விலை சரியில்லை, அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளுகிறேன்" என்று சொல்ல முடியாதவன். வாங்குகிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும்.

இந்த ஒரே பலவீனம் உள்ள இரண்டு சாமான்களும் எப்படி விற்பனையாகின்றன என்பதைப் பாருங்கள்.

தர்மபுரி பட்டணத்தில் சர்க்கார் பட்டுக்கூடு அங்காடி ஒன்று பட்டு வளர்ச்சித் துறையாரால் நடத்தப்பட்டு வருகின்றது. பல ஊர்களிலிருந்தும் குடியானவர்கள் கூட்டைக் கொண்டுவந்து கொட்டுகின்றார்கள். நூல் எடுக்கும் தொழிற்காரர்கள் வந்து கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்கின்றார்கள். எல்லோர் முன்னிலையிலும் ஏலம் நடக்கின்றது. எடை போடுவது வாங்குகிறவன் தராசு அல்ல, அங்காடியின் தராசு. அன்றைக்கு எத்தனை கிலோ வந்தது, மேல் விலை என்ன, கீழ் விலை என்ன, சராசரி என்ன என்பது பத்திரிகைகளில் வெளிவருகின்றது. ஆகவே, பென்னாகரத்து மலையடிவாரத்தில் இருக்கிறவனும் நேற்றைய விலையைத் தெரிந்துகொண்டு புறப்படலாம். இங்கே சர்க்கார் ஒரு கூட்டைக்கூட வாங்கவில்லை. விலை இவ்வளவு என்று உத்தரவும் போடவில்லை. இடத்தைக் கொடுத்தது, தராசைக் கொடுத்தது, வாங்குகிறவர்களைப் பலராக ஓரிடத்தில் நிறுத்திற்று, விலையை ஊரறியச் சொல்லிற்று. செய்தது அவ்வளவே.

மரவள்ளிக்கு என்ன நடக்கின்றது? இதற்கு வாடிக்கையாளர் பெரும்பாலும் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்கள். கிழங்கை லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்ப வேண்டும், அல்லது தரகர் சொன்ன விலைக்குத் தோட்டத்திலேயே விட்டுவிட வேண்டும். விலை மூட்டைக் கணக்கில் மாத்திரமல்ல, மாவுச்சத்து எத்தனை பாயிண்டு என்கின்ற கணக்கிலும் தீர்மானிக்கப்படுகின்றது. அந்தப் பாயிண்டைப் பார்த்துச் சொல்லுகிறவர் யார்? பெரும்பாலும் வாங்குகின்ற ஆலைக்காரரேதான். பாயிண்டு குறைவு என்று அவர் சொல்லிவிட்டால், "அப்படியானால் நான் வேறு ஆலைக்குப் போகிறேன்" என்று சொல்லக் குடியானவனுக்கு வாய் உண்டா? லாரி வாடகை ஏறிக்கொண்டிருக்கின்றது, கிழங்கு கெட்டுக்கொண்டிருக்கின்றது. வேறு ஆலைக்காரரும் அதே விலையைச் சொன்னால் என்ன செய்வது? ஒரு சாமானுக்குப் பரீட்சை செய்கிறவரும், மார்க்குப் போடுகிறவரும், அந்த மார்க்கினால் லாபம் அடைகிறவரும் ஒருவரேயானால் அதற்குச் சந்தை என்று பேர் வைப்பது நியாயமா என்று கேட்கின்றோம்.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. இதே ஆலைக்காரர்கள் ஒரு காலத்தில் இதே கஷ்டத்தை அனுபவித்தவர்கள். யுத்த காலத்தில் மலாயா பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோன பிறகு, 1940களில் சேலத்தில் இந்தத் தொழில் கிளம்பிற்று. சிறு ஆலைக்காரர்கள் பெருகினார்கள். ஆனால் அவர்களிடம் கிடங்கு இல்லை, கைமுதல் இல்லை. பெரு வியாபாரிகளும் தரகர்களும் சொன்ன விலைக்கே ஜவ்வரிசியைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. இதற்குப் பரிகாரமாக 1981ல் "சேகோசர்வ்" என்கின்ற கூட்டுறவு சங்கம் சேலத்தில் ஏற்பட்டது. ஆலைக்காரர் சரக்கை அதன் கிடங்கில் வைக்கலாம். சரக்கின்பேரில் முன்பணம் பெறலாம். சங்கம் டெண்டர் மூலம் விற்றுக் கொடுக்கும். அதாவது, விற்கிறவனுக்குக் காத்திருக்கும் சக்தியும், வாங்குகிறவர்களுக்குள் போட்டியும் உண்டாக்கப்பட்டன. இதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் கேட்பது ஒன்றுதான்: ஆலைக்காரன் ஜவ்வரிசி விற்கும்போது வேண்டியிருந்த நியாயம், அவனுக்குக் கிழங்கு விற்கும் குடியானவனுக்கு வேண்டாமா? ஏணியில் ஒரு படி மேலே இருப்பவனுக்குக் கைப்பிடி வைத்துவிட்டுக் கீழ்ப்படியில் நிற்பவனுக்கு வெறும் சுவரைக் காட்டுவது என்ன முறை?

விலை ரொம்பவும் விழுந்துபோனால் கலெக்டர் முன்னிலையில் முத்தரப்புக் கூட்டம் என்பதாக ஒன்று கூட்டுகின்றார்கள். குடியானவர், ஆலைக்காரர், அதிகாரிகள் உட்கார்ந்து பேசுகின்றார்கள். பேசட்டும், தவறில்லை. ஆனால் கூட்டத்தில் பேசிய விலை, தினந்தோறும் லாரி நிற்கும் வாசலில் எப்படி அமுலாகும்? விலையைப் பேசி முடிப்பதைவிட, விலை நியாயமாகப் பிறக்கத்தக்க இடத்தை உண்டாக்குவதே நிரந்தரமான பரிகாரமாகும்.

நிற்க, இது ஏதோ புதிதாக நாம் கண்டுபிடித்த யோசனையல்ல. பருத்திக்காக விதர்ப்பத்தில் காரஞ்சா என்னும் ஊரில் 1886லேயே ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தை ஏற்பட்டது. 1897ல் பேரார் பிரதேசத்துக்கு இதற்கென்று சட்டமே வந்தது. 1928ல் ராயல் விவசாயக் கமிஷன் தன் அறிக்கையில், கள்ளத் தராசு, காரணமில்லாத பிடித்தங்கள், துணியின் மறைவில் விரலைத் தொட்டு ரகசியமாக விலை பேசுவது முதலிய கேடுகளை எடுத்துச் சொல்லி, எல்லா மாகாணங்களிலும் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்றது. துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசும் வழக்கத்தை நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாத விலை, பக்கத்தில் நிற்பவன் போட்டி போட முடியாத விலைதானே!

சென்னை மாகாணத்தில் 1933ல் வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை இவைகளே அதில் முக்கியம். பிறகு 1959லும் 1987லும் புதிய சட்டங்கள் வந்தன. அவற்றின் பயனாகத்தான் ஊருக்கு ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று போர்டு தொங்குகின்றது. அரூரில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கின்றபோது வெளி ஜில்லா வியாபாரிகளும் வந்து வாங்குகின்றார்கள் என்பது நல்ல விஷயம். உள்ளூர்க்காரர் நாலு பேர் கண்ணால் ஜாடை காட்டிக் கொண்டால்கூட, ஐந்தாவதாக வெளியூர்க்காரன் ஒருவன் வந்து நின்றுவிட்டால் ஜாடை பலிக்காது.

ஆனால் போர்டு தொங்குவதனாலேயே சந்தை நடப்பதாக ஆகிவிடாது. கட்டடம் இருந்து வியாபாரி வராவிட்டால் அது வெறும் களம். வியாபாரிகள் வந்தும், லைசென்சு நாலு குடும்பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால், சர்க்கார் செலவில் அந்த நாலு குடும்பத்துக்கு ஒரு கிளப்புக் கட்டிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். வட நாட்டில் பல மண்டிகளின் கதி இப்படியே ஆயிற்று. "அப்படியானால் மண்டியையே எடுத்துவிடுவோம்" என்று பீகாரில் 2006ல் அந்தச் சட்டத்தையே ரத்துச் செய்தார்கள். சட்டம் போனதே தவிர, அதன் இடத்தில் புதிய சந்தைகள் தாமாக வந்து குதித்துவிடவில்லை. 2020ல் மத்திய சர்க்கார் மண்டிக்கு வெளியே யாரும் வாங்கலாம் என்று சட்டம் செய்தபோது, பஞ்சாப் முதலிய இடத்துக் குடியானவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் டில்லி எல்லையில் உட்கார்ந்துவிட்டார்கள். 2021 முடிவில் சட்டம் வாபஸ் வாங்கப்பட்டது. இதிலிருந்து நமக்குத் தெரிகின்ற பாடம் என்ன? கெட்டுப்போன கூரையைப் பிரித்துவிடுவது மாத்திரம் வீடு கட்டுவதாகாது என்பதுதான். வாங்குகிறவர்கள் பலராக வேண்டும். அவர்களுக்குள் உண்மையான போட்டி வேண்டும். இந்த இரண்டையும் யார் பார்த்துக் கொள்ளுவது என்பதற்குப் பதில் சொல்லாத சட்டம், இருந்தாலும் போனாலும் ஒன்றுதான்.

போட்டி என்று சொன்னோம். வாங்குகிறவர்கள் சிண்டிகேட் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்கா தேசத்தில் இறைச்சிக் கம்பெனிகள் சேர்ந்து, மாட்டுச் சந்தையில் ஒருவர் கேட்கும்போது மற்றவர் ஏற்றிக் கேட்பதில்லை என்று ஏற்பாடு செய்து கொண்டிருந்தன. குடியானவன் மாட்டை ஓட்டிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே விலைதான். அது குற்றம் என்று அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டு 1905ல் தீர்ப்புச் சொல்லிற்று. அப்படியும் ஓயாததால் 1921ல் அந்தக் கம்பெனிகளுக்கும் மாட்டுச் சந்தைகளுக்கும் தனிச் சட்டமே செய்தார்கள். தனி மனிதன் சொத்துக்கும் வியாபாரத்துக்கும் அவ்வளவு மதிப்புக் கொடுக்கும் தேசம் இதைச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வியாபார சுதந்திரத்துக்கு விரோதமாக அவர்கள் இதைச் செய்யவில்லை. வியாபார சுதந்திரத்தைக் காப்பதற்காகவே செய்தார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1969ல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2002ல் போட்டிச் சட்டம் வந்து, 2009 முதல் போட்டிக் கமிஷன் வேலை செய்து வருகின்றது. அந்தச் சட்டத்தின் 3வது பிரிவில் ஒரு முக்கியமான வார்த்தை இருக்கின்றது. போட்டியாளர்கள் கூடி "விற்கும் விலை"யை நிர்ணயிப்பது மாத்திரமல்ல, "வாங்கும் விலை"யை நிர்ணயிப்பதும் அதில் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றது. அதாவது, பட்டணத்தான் வாங்கும் சாமானை ஏற்றி விற்கிறவனுக்கு எந்தச் சட்டமோ, பட்டிக்காட்டான் விற்கும் சாமானை இறக்கி வாங்குகிறவனுக்கும் அதே சட்டந்தான். சிண்டிகேட்டில் இருந்தவன் ஒருவன் முதலில் வந்து உண்மையைச் சொல்லிவிட்டால் அவனுக்குத் தண்டனையைக் குறைக்கவும் வழி இருக்கின்றது. திருட்டுக் கூட்டத்தை உடைக்க இதைவிட நல்ல உபாயம் வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தின் கை எங்கே நீண்டது, எங்கே நீளவில்லை என்பதையும் பார்ப்போம். சிமெண்டுக் கம்பெனிகள் 11ம், அவர்களுடைய சங்கமும் சேர்ந்து விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தியதாகக் கண்டு 2012ல் கமிஷன் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அந்த உத்தரவு ஒரு தரம் தள்ளப்பட்டு, 2016ல் மறுபடியும் பிறப்பிக்கப்பட்டு, 2018ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உறுதியாகி, அதற்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பெரிய கம்பெனி, பெரிய வக்கீல், பெரிய கோர்ட்டு. வருஷங்கள் ஓடுகின்றன. இது ஒருபுறமிருக்க, பாப்பிரெட்டிப்பட்டியில் கிழங்கு விற்கிறவன் டில்லியில் இருக்கும் கமிஷனுக்கு என்ன ருஜுவைக் காட்டி மனுப் போடுவான்? நாலு பேர் டீக்கடையில் நின்று பேசிக்கொண்ட விலைக்கு யார் சாட்சி? ஆகவேதான், சட்டத்தைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு குற்றம் நடந்த பிறகு தேடுவதைவிட, குற்றம் நடக்க இடமில்லாத விதமாகச் சந்தையை அமைப்பதே புத்திசாலித்தனம் என்கின்றோம்.

உதாரணமாக, வாங்குகிறவர்கள் மிகவும் குறைவாக இருக்குமிடத்தில் வாய்விட்டுக் கேட்கும் ஏலத்தைவிட மூடிய சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலம் நல்லது. ஏனென்றால், ஐவர் ஒரு விலைக்கு மேல் கேட்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு வந்தாலும், ஐந்தாமவன் ஆசைப்பட்டுச் சீட்டில் நாலு காசு கூட்டி எழுதிவிட்டால் மற்ற நால்வருக்கும் அது முன்கூட்டித் தெரியாது. வாய் ஏலத்திலோ கூட்டிக் கேட்டவனை அந்தக் கணத்திலேயே முறைத்துப் பார்த்து அடக்கிவிடலாம். வாங்குகிறவர்கள் பலராக வரும் இடத்தில் வாய் ஏலமே போதும். இவை சின்ன விஷயங்கள் போலத் தோன்றலாம். ஆனால் குடியானவன் வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கின்றது.

இதுவரை வாங்குகிறவர்களைப் பற்றிச் சொன்னோம். சர்க்காரே வாசலை அடைத்தால் என்ன சொல்லுவது? 2025ஆம் வருஷம் மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைக்குப் போகும் தோத்தாபுரி மாங்காயின் விலை கிருஷ்ணகிரியிலும், கோலார்ப் பக்கத்திலும், சித்தூரிலும் ஒரே சமயத்தில் வீழ்ந்தது. பறிக்கின்ற கூலிக்கும் காணாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. ஆந்திர சர்க்கார் ஆலைக்காரர் 8 ரூபாயும் தான் 4 ரூபாயுமாகக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஏற்பாடு செய்தது. அதோடு நிற்காமல், சித்தூர் ஜில்லா அதிகாரிகள் வெளி மாகாணத்து மாங்காய் உள்ளே வரக்கூடாது என்று எல்லையில் காவல் போட்டார்கள். கர்நாடக சர்க்கார் மத்திய சர்க்காரிடம் போய், இரண்டரை லட்சம் டன்னுக்குக் குவிண்டால் 1,616 ரூபாய் கணக்கில் நஷ்டத்தை ஈடு செய்ய உதவி பெற்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த கிருஷ்ணகிரிக் குடியானவனுக்கோ தன் ஊரில் விலையில்லை. பக்கத்து ஊரில் வழியில்லை. மாமரத்துக்கு மாகாண எல்லை தெரியுமா? ஒரே தேசம், ஒரே சந்தை என்று மேடையில் பேசிவிட்டு, லாரியை எல்லையில் நிறுத்துவது என்ன யோக்கியதை? வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து வாசலை அடைப்பது சிண்டிகேட் என்றால், சர்க்கார் முத்திரை போட்ட காகிதத்தால் அடைப்பதற்கு வேறு பேர் தேட வேண்டிய அவசியம் இல்லை.

கரும்பு விஷயமும் இதைச் சேர்ந்ததே. 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு, இன்ன ஊர்க் கரும்பு இன்ன ஆலைக்கே என்று எல்லை ஒதுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஏற்பட்டதனால் ஜில்லாவுக்கு நன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவன் ஒருவனே என்று சர்க்காரே ஆக்கிவிட்ட பிறகு, நியாய விலைக்கும் நாள் தவறாத பட்டுவாடாவுக்கும் சர்க்காரே ஜவாப்தாரி. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் 100க்கு 15 வட்டி என்று அந்த உத்தரவிலேயே விதித்தார்கள். எத்தனை குடியானவன் அந்த வட்டியை வாங்கியிருக்கின்றான் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். 2012ல் ரங்கராஜன் கமிட்டியார் இந்த எல்லை ஒதுக்கும் முறையையே கொஞ்சங் கொஞ்சமாக எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். விற்கிறவனுக்கு வேறு இடத்துக்குப் போகும் உரிமை இல்லாத இடத்தில் விலை என்கின்ற பேச்சே கிடையாது. தயவு என்கின்ற பேச்சுத்தான் உண்டு.

பட்டணத்துத் தோழர்கள், "இதெல்லாம் குடியானவர்கள் சங்கதி, நமக்கென்ன" என்று இருந்துவிடக் கூடாது. பாலக்கோட்டுத் தக்காளியை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் தக்காளி சில்லறையில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் போனபோது, சர்க்கார் உடனே சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்தது. அது சரியே. ஆனால் விலை ஏறினால் ஒரே வாரத்தில் விழித்துக்கொள்ளும் சர்க்கார், அதே தக்காளி ரோட்டோரம் கொட்டப்படும்போது ஏன் கண்ணை மூடிக்கொள்ளுகின்றது? ரிசர்வ் பாங்கியில் 2024ல் வெளியான ஆராய்ச்சியில், சாப்பிடுகிறவன் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைவித்தவனுக்குச் சேருவது சுமார் 33 காசு என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். பாக்கி 67 காசும் கொள்ளை என்று நாம் சொல்லவில்லை. லாரி உண்டு, அழுகல் உண்டு, கூலி உண்டு, கடை வாடகை உண்டு. ஆனால் அதில் எவ்வளவு வேலைக்குக் கூலி, எவ்வளவு வழிமறித்ததற்குச் சுங்கம் என்று பிரித்துக் காட்டுகிறவர் யார்? போட்டி இருந்தால் அது தானே பிரிந்துவிடும். போட்டி இல்லாத இடத்தில் விற்றவனும் வாங்கிச் சாப்பிட்டவனும் ஆக இருவருமே நஷ்டப்படுகின்றார்கள். 1999 நவம்பர் 14ந் தேதி மதுரையில் ஆரம்பித்துத் தர்மபுரி உள்பட ஊர் ஊராக ஏற்பட்ட உழவர் சந்தையின் நியாயமும் இதுவே. விற்கிறவனுக்கு இன்னொரு வாசலைத் திறந்தது. வாங்குகிறவனுக்கும் இன்னொரு கடையைக் காட்டிற்று.

இன்னொரு விஷயம். வியாபாரம் இன்னாருக்கு, மண்வெட்டி இன்னாருக்கு என்று பிறப்பைக் கொண்டு பிரித்து வைத்த தேசம் இது. அதன் பலன் தராசிலும் இறங்கியிருக்கின்றது. மண்டிக் கடையும், கைமுதலும், கடன் கிடைக்கும் செல்வாக்கும் சில வகுப்புக்குள்ளேயே தங்கிவிட்டால், ஊரில் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை பிறந்தாலும் புதிய வியாபாரியாகத் தலையெடுக்க முடிவதில்லை. புதியவன் வர முடியாத தொழிலில் போட்டி எங்கிருந்து வரும்? ஆகவே, லைசென்சு கேட்கிற எவனுக்கும் ஜாதியும் சிபாரிசும் பாராமல் கொடுப்பதும், கூட்டுறவுக் கடனைப் புதியவனுக்கும் எட்டச் செய்வதும் வெறும் தர்ம காரியமல்ல. சந்தையைச் சந்தையாக வைத்திருக்கும் காரியமாகும்.

இதற்குச் சிலர் ஒரு ஆட்சேபணை சொல்லக்கூடும். "வாங்குகிறவர்கள் கூடினால் குற்றம் என்கின்றீர்களே, குடியானவர்கள் சங்கம் சேர்ந்து விலை பேசினால் மாத்திரம் நியாயமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆயிரம் பேர் தனித்தனியே நின்று பத்துப் பேருக்கு விற்குமிடத்தில், ஆயிரம் பேர் சேர்வதனால் இரண்டு பக்கமும் சமமாகின்றதே தவிர, எதிர்ப்பக்கம் அழிந்து போவதில்லை. அமெரிக்காவில் 1922லேயே விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து விற்பதற்குச் சட்டத்தில் விலக்குக் கொடுத்தார்கள். அதிலும், அந்தச் சங்கம் விலையை அநியாயமாக ஏற்றினால் சர்க்கார் தலையிடலாம் என்று ஒரு கடிவாளத்தையும் வைத்தார்கள். அந்தக் கடிவாளம் இங்கேயும் இருக்கட்டும். நமக்கு ஆட்சேபணையில்லை. குடியானவன் என்பதற்காக எவன் செய்யும் அநியாயமும் நியாயமாகிவிடாது.

"ஏலம் போட்டுவிட்டால் விலை விழவே விழாதா?" என்றும் கேட்கலாம். விழும். 2011ல் வெளிநாட்டுக் கச்சாப் பட்டின்மீதிருந்த இறக்குமதி வரி 30லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, எவ்வளவு நல்ல அங்காடி இருந்தும் கூட்டின் விலை சரிந்தது. சரக்கு மிஞ்சினாலும், வரி மாறினாலும் விலை இறங்கத்தான் செய்யும். அதற்கு வேறு பரிகாரம் வேண்டும். ஆனால் விளைச்சல் மிகுதியால் விழுந்த விலைக்கும், நாலு பேர் பேசி விழவைத்த விலைக்கும் வித்தியாசம் தெரியவாவது வேண்டாமா? வெளிப்படையான சந்தை இருந்தால் அந்த வித்தியாசம் தெரியும். இல்லாவிட்டால் இரண்டும் தலையெழுத்து என்கின்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிடும்.

ஆகவே, தர்மபுரி ஜில்லா மக்கள் சர்க்காரிடம் கேட்க வேண்டியது பிச்சையல்ல, மானியமுமல்ல. மரவள்ளிக்கு ஒழுங்குமுறைக் கூடத்தில் ஏலம் வேண்டும்; மாவுச்சத்தைப் பார்த்துச் சொல்ல வாங்குகிறவனுமல்லாத விற்கிறவனுமல்லாத ஒரு மூன்றாவது ஆள் வேண்டும்; ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் கேட்டார்கள், என்ன விலைக்குப் போயிற்று என்று போர்டில் எழுத வேண்டும்; விற்ற பணம் நாள் கடத்தாமல் கைக்கு வர வேண்டும்; தக்காளிக்கும் மாங்காய்க்கும் காத்திருக்கும் சக்தியைக் கொடுக்கக் குளிர்கிடங்கு வேண்டும்; மாகாண எல்லையில் விளைபொருளை மறிக்கும் உத்தரவு எங்கே பிறந்தாலும் மத்திய சர்க்கார் அதை உடனே நீக்க வேண்டும்; போட்டிக் கமிஷனுக்கு ஜில்லாதோறும் ஒரு காதும் கண்ணும் வேண்டும். பட்டுக்கூட்டுக்கு முடிந்தது கிழங்குக்கு முடியாது என்று எந்த அதிகாரி சொன்னாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

குடியானவத் தோழர்களும் ஒன்று செய்ய வேண்டும். அடுத்த முறை விலை விழுந்தால் நெற்றியைத் தடவிப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் வாங்க வந்தார்கள், தராசு யாருடையது, பாயிண்டைப் பார்த்தவன் யார், நேற்று அடுத்த ஊரில் என்ன விலை என்கின்ற நாலு கேள்விகளைக் கேளுங்கள். இந்த நாலுக்கும் பதில் கிடைத்தால் உங்கள் தலையில் எழுதியவன் யார் என்பது தானே தெரிந்துபோகும். மனிதன் எழுதியதானால், அதை மனிதன் அழித்துத் திருத்தி எழுதவும் முடியும்.